பொதுமனையின் மேசை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திற் பிரயாணஞ் செய்வோர் பெரும்பாலும் தவறாது சென்று அமரும் இடம் ஒன்றுண்டு. 'பப்லிக் ஹவுஸ்' என்பது அதன் முழுப்பெயர். 'பப்' என்பது நாள்வழக்கு. தமிழிற் பொதுமனை எனலாம். தவறணை என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே முகஞ் சுளிக்கும் நம்மவர் பலர், அச்சொல்லே ஐரோப்பியர் வாய்வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதையும், அங்கு அத்தகைய மனைகள் ஊரவையாகவும் செய்திக்களமாகவும், ஐயத்திற்குரிய மரணம் நேர்ந்தவிடத்து விசாரணை மன்றமாகவும் விளங்கின என்பதையும் அறிந்திரார். குடியின் நன்மை தீமைகளை ஆராய்வது நமது நோக்கமன்று. அம்மனைகளிற் கடந்த அரை நூற்றாண்டாக நிகழ்ந்துவரும் ஒரு மாற்றம், பண்பாட்டையும் உடைமையையும் பற்றிச் சிந்திப்போர் எதிர்கொள்ள வேண்டிய அறவினா ஒன்றை எழுப்புகின்றது. அதனையே இங்கு நோக்குவோம்.

நகரத்திலிருந்து மோட்டார் வண்டியில் வந்த ஒருவர் கிராமத்துப் பொதுமனையில் அமர்ந்து பணங் கொடுத்து உண்கிறார். அவர் விலைக்கு வாங்குவது உணவை மட்டுமா? உணவு மட்டுமெனில் அவர் இருந்த நகரத்திலேயே அது கிடைத்திருக்கும். கணப்பருகில் அமர்ந்திருக்கும் முதியவரையும், சுவரில் தொங்கும் பழைய அரிவாளையும், ஊரின் பொதுவாழ்வில் தாமும் ஒரு கணம் பங்குகொண்டோம் என்னும் நிறைவையும் சேர்த்தே அவர் வாங்குகிறார். ஆயின் ஊரின் பொதுவாழ்வு விற்பனைப் பொருளாகுமா? ஆகுமெனில் அதனை விற்பவர் யார்? விற்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது?

இம்மனைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே ஒரு வரலாறு புலனாகும். அரசர் தலையும் பிரபுக்களின் இலச்சினையும் ஒருபுறமிருக்க, 'கலப்பை' என்றும், 'கதிர்க்கட்டு' என்றும், 'கொல்லர் இலச்சினை' என்றும் எண்ணற்ற மனைகள் பெயர் பெற்றுள்ளன. உழைத்தவனின் கருவியே அவன் இளைப்பாறும் மனைக்குப் பெயராயிற்று. உள்ளே சென்றால் தாழ்ந்த மர உத்திரங்களின் கீழ், கரும்பலகையிற் சுண்ணக்கட்டியால் எழுதிய உணவுப் பட்டியலைக் காணலாம். பியர் ஊற்றி வேகவைத்த மாட்டிறைச்சியை மாவுறையுள் இட்டுச் சுட்ட 'பை'. ஞாயிறு நண்பகலில் வாட்டிய இறைச்சியும் யோர்க்ஷயர் புடிங்கும். பொரித்த மீனும் உருளைக்கிழங்கும். ஒரு தட்டின் விலை இன்று இருபது பவுணை எட்டுவது அரிதன்று. 2025 ஏப்ரலில் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிக்குச் சட்டம் விதித்த மிகக் குறைந்த மணிக்கூலி 12 பவுண் 21 பென்ஸ். கலப்பையின் பெயர் தாங்கிய மனையில் ஒருவேளை உண்ண, கலப்பைக்காரனின் பேரன் ஏறக்குறைய இரண்டு மணிநேரம் உழைக்க வேண்டும். மனைவி மக்களுடன் வருவானாயின் ஒரு நாட் கூலி போய்விடும்.

இவ்வுணவு 'பாரம்பரிய உணவு' என்று போற்றப்படுகிறது. பாரம்பரியம் என்னும் சொல்லை நாம் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 'உழவன் மதிய உணவு' என்று ஒன்று இப்பட்டியல்களில் நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளது. பாண், பாற்கட்டி, ஊறவைத்த வெங்காயம், சில வேளை ஒரு அப்பிள் துண்டு. வயல் வேலைக்காரர் வேலியோரத்தில் அமர்ந்து பாணும் பாற்கட்டியும் உண்டதென்னவோ உண்மைதான். வேறொன்றும் வாங்க வகையில்லாமல் உண்டனர். ஆனால் அப்பெயர் தாங்கிய தட்டு நாடெங்கும் பொதுமனைகளுக்குப் பரவியது உழவர் வழியாக அன்று. போர்க்காலத்திற் தொடங்கிய பங்கீடு 1954 இல் முடிவுற்றபின், பாற்கட்டி விற்பனையைப் பெருக்க விரும்பிய பாற்பொருள் வாணிப அமைப்புகள் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் செய்த விளம்பரத்தால் அது பரவிற்று. இயன் மக்கியூவன் எழுதி ரிச்சட் அயர் நெறிப்படுத்திய திரைப்படம் ஒன்று 1983 இல் இவ்வுணவின் பெயரையே தன் தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. நிகழ்காலத்தின் வசதிக்கேற்பக் கடந்தகாலம் எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகின்றது என்பதே அதன் பொருள். வறியவனின் பட்டினியைத் துடைத்தெடுத்து, அவன் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு அவனாலேயே கொடுக்கவியலாத விலையை இடுவது வாணிபத்தின் பழைய வித்தை.

மெய்யான கடந்தகாலம் இவ்வளவு சுவையானதன்று. 1830 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டி உத்தரவுச் சீட்டுப் பெற்றுத் தம் வீட்டிலேயே பியர் விற்கலாம் என்றது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான எளிய மதுமனைகள் தோன்றின. அதே ஆண்டின் பிற்பகுதியில் தென் இங்கிலாந்தின் வயற்கூலிகள், தம் குளிர்காலப் பிழைப்பைப் பறித்த சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். 'சுவிங் கலகம்' என வழங்கும் இவ்வெழுச்சியை எரிக் ஹொப்ஸ்போமும் ஜோர்ஜ் ரூடேயும் 1969 இல் விரிவாக ஆராய்ந்தனர். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 480 பேர் கடல் கடந்து நாடுகடத்தப்பட்டனர். நிலவுடைமையாளரும் நீதவான்களும் புதிய மதுமனைகளையே பழித்தனர். அங்கேதான் கூலிகள் கண்காணிப்பின்றிக் கூடிப் பேசுகின்றனர் என்பது அவர்களின் முறைப்பாடு. அவர்கள் அஞ்சியது பியரைவிட அந்தப் பேச்சை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1872 பெப்ரவரி 7 ஆம் நாள் வோரிக்ஷயரின் வெல்ஸ்போர்ண் கிராமத்தில் நிகழ்ந்ததும் இங்கு நினைக்கத்தக்கது. வேலி கட்டும் தொழிலாளியும் மெதடிஸ்தப் போதகருமான ஜோசப் ஆர்ச் என்பவரை, ஊர்க் கூலிகள் சிலர் தமக்குச் சங்கம் அமைத்துத் தருமாறு அழைத்தனர். 'மான் தலை' என்னும் பொதுமனையிற் சிறு கூட்டம் ஒன்று கூடும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. வந்தவர்களோ ஏறத்தாழ ஈராயிரவர். மனை கொள்ளாது எல்லோரும் வெளியே வர, அருகிலிருந்த மரத்தின் கீழ், பன்றி அறுக்கும் முக்காலி ஒன்றின்மேல் ஏறி நின்று, விளக்கு வெளிச்சத்தில் ஆர்ச் பேசினார். அவ்வாண்டிலேயே விவசாயத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. பதின்மூன்று ஆண்டுகளின் பின் அவர் பாராளுமன்றம் புகுந்தார். அச்சங்கத்தவருள் மதுவை வெறுத்த போதகர்கள் பலர் இருந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குடிக்காதவனும் கூட்டங்கூடப் பொதுமனைக்கே போக வேண்டியிருந்தது. கிராமத்தில் நிலமும் வீடும் பிரபுவுக்கு, கோவில் குருவுக்கு, பாடசாலை இவ்விருவரின் தயவில். கூலிக்கென்று கூரையுள்ள இடம் வேறெது இருந்தது?

இதனாற் பழைய பொதுமனையைச் சமத்துவத்தின் உறைவிடமென்று நாம் கொண்டாடிவிடலாகாது. கூலியை அங்கேயே வைத்துக் கொடுத்து, கொடுத்த கூலியை அங்கேயே குடிக்கவைத்த கொடுமை பரவலாக இருந்தமையாற்றான், பொதுமனைகளிற் கூலி வழங்குவதை 1883 இல் சட்டம் தடைசெய்தது. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாணில்லாத இரவுகளுக்கு அந்தக் கணப்பின் வெதுவெதுப்பும் ஒரு காரணம். ஒரே மனையுள் இரு வாயில்கள் இருந்தன. பலகை வாங்குகளும் வெறுந்தரையுமாக உழைப்பாளர்க்கு ஒரு பகுதி. கம்பளம் விரித்து, பியருக்குச் சற்றுக் கூடிய விலை வைத்து, மேலோர்க்கு ஒரு பகுதி. தேநீர்க் கடைகளிற் சிலருக்கு மட்டும் தனிக்குவளை நீட்டப்பட்ட வரலாற்றை அறிந்த நமது வாசகர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பெண்கள் தனியே வந்தால் ஏளனத்துக்குள்ளாயினர். நிறத்தின் பேராற் கதவடைத்த மனைகளும் பல.

இவ்விடத்தில் ஆங்கிலச் சட்டத்தின் ஒரு நுட்பம் சிந்தனைக்குரியது. பிரயாணிக்கு உணவும் உறையுளும் தரும் சத்திரக்காரர், இடமிருந்து, வருபவர் பணங் கொடுக்கவும் ஒழுங்காக நடக்கவும் தயாராயிருந்தால், அவரை மறுக்கலாகாது என்பது அந்நாட்டின் பழைய பொதுச்சட்டம். மேற்கிந்தியத் துடுப்பாட்ட வீரர் லியரி கொன்ஸ்ரன்ரைனை இலண்டன் ஹோட்டல் ஒன்று 1943 இல் நிறங் காரணமாகத் தங்கவிடாமற் செய்தபோது, அடுத்த ஆண்டு நீதிமன்றம் இக்கடமையின்படியே அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. குடிக்க மட்டும் இடந்தரும் சாதாரண பொதுமனைக்கோ இக்கடமை இல்லை. 'பொது' என்று பெயர். எவரை விடுவது எவரைத் துரத்துவது என்பது மனைக்காரர் விருப்பம். இனத்தின் பேரால் அவ்வாறு மறுப்பதை 1965 இன் இனவுறவுச் சட்டமே முதன்முதலாகத் தடுத்தது. ஆகவே பொதுமனை என்றுமே முழுமையாகப் பொதுவாக இருந்ததில்லை. அஃது ஒரு வாக்குறுதி. போராடிப் போராடிச் சிறிது சிறிதாக நிறைவேற்றுவிக்கப்பட்ட வாக்குறுதி.

அவ்வாக்குறுதி ஓரளவு நிறைவேறிவந்த அதே காலத்திற்றான் மேசைகள் மாறத் தொடங்கின. காரணங்கள் ஒன்றல்ல. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வயலில் நூறு பேர் நின்ற இடத்தில் நால்வர் போதுமாயினர்; அந்த நூறு பேரே பொதுமனையின் வாடிக்கையாளர். 1967 இன் வீதிப் பாதுகாப்புச் சட்டம் மது அருந்தி வாகனம் ஓட்டுவோரின் மூச்சைச் சோதிக்க வகைசெய்தது. நல்ல சட்டம், உயிர் காத்த சட்டம். ஆனால் பஸ் ஓடாத கிராமத்தில் மாலையிற் குடிக்க வருவோர் தொகை அதனாற் குறைந்தது. பேரங்காடியில் மலிவு விலைப் பியர் கிடைத்தது. 1989 இல் அரசாங்கம், பெரும் மதுவடிசாலைகள் தம் கைக்குள் ஆயிரக்கணக்கான மனைகளை வைத்திருப்பதைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தது. ஏகபோகம் உடையும் என்று எதிர்பார்த்தனர். வடிசாலைகள் விற்ற மனைகளைப் புதிதாக முளைத்த மனைக் கம்பனிகள் கூட்டங்கூட்டமாக வாங்கிக்கொண்டன. அவை பியர் வடிப்பதில்லை, வாடகை வடிப்பவை. மனை நடத்துபவர் வாடகையுங் கட்டி, கம்பனி சொல்லும் விலைக்குப் பியரும் வாங்க வேண்டும். இக்குத்தகைக்காரருக்குச் சந்தை வாடகை மட்டுங் கட்டும் வழி 2016 இன் ஒழுங்குவிதியால்தான் திறந்தது. 2000 ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் அறுபதாயிரமாக இருந்த பொதுமனைகள் இன்று நாற்பத்தையாயிரம் அளவிற்குச் சுருங்கியுள்ளன.

பியரில் இலாபமில்லை எனும்போது உணவே கதியாயிற்று. 1960களிற் கூடையில் வைத்துக் கொடுத்த பொரித்த கோழியிற் தொடங்கி, படிப்படியாகச் சமையல் மேலோங்கியது. 1991 இல் இலண்டன் பரிங்டன் பகுதியில் 'கழுகு' என்னும் மனை நல்ல சமையலை முதன்மைப்படுத்தித் திறக்கப்பட்டபின் அம்முறை கிராமங்களையும் பற்றிக்கொண்டது. 2001 இல் ஹெரபோட்ஷயரின் டிற்லி கிராமத்து மனையொன்று, பொதுமனைகளுள் முதன்முதலாக மிஷலின் நட்சத்திரம் பெற்றது.

இதனைக் கண்டு நம் முற்போக்கு நண்பர் சிலர் உடனே உதட்டைப் பிதுக்குவர். நல்ல உணவை விரும்புவதே நடுத்தர வர்க்கப் பகட்டு என்பது அவர்தம் கருத்து. இதனை நாம் ஏற்கவில்லை. உழைப்பாளி காய்ந்த பாணைத் தின்றதில் அறமேதுமில்லை. கையாலாகாமை மட்டுமே இருந்தது. அயற்பண்ணையில் வளர்ந்த ஆட்டிறைச்சியையும் அன்று பறித்த கீரையையும் அறிந்து சமைக்கும் கை, தச்சனின் கையைப் போலவே மதிப்புக்குரியது. அன்றியும் அந்தச் சமையலால் உயிர்பிழைத்த மனைகள் பல. வெளியூரார் உண்ண வராவிடின் அக்கதவுகள் எப்போதோ மூடப்பட்டிருக்கும். மூடிய மனையில் ஊர் முதியவருக்கும் இடமில்லை; நகரத்தாருக்கும் இடமில்லை. இந்த வாதத்திற்கு வலிமையுண்டு. உண்பவர் குற்றவாளி அல்லர் என்ற அளவில் நாமும் அதனோடு உடன்படுகிறோம்.

ஆயினும் ஏதோ ஒன்று இழக்கப்பட்டுவிட்டது. அதனைத் துல்லியமாகப் பெயரிட்டாக வேண்டும். ஜோர்ஜ் ஓர்வெல் 1946 பெப்ரவரியில் இலண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில், தமக்குப் பிடித்த பொதுமனை எவ்வாறிருக்க வேண்டும் என்று எழுதினார். இரவுச் சாப்பாடு அங்கே கிடைக்காது என்பதையும் அதன் இயல்புகளுள் ஒன்றாக அவர் சொல்லிச் செல்கிறார். இடைத்தீனியும், மாடியில் எளிய மதிய உணவும் உண்டு. அவர் புனைந்தது நகரத்து மனை. அதுவும் உலகில் இல்லாத மனை. எனினும் அவர் விரும்பியது பேச்சுக்கு இடங்கொடுக்கும் அமைதியை என்பது வெளிப்படை. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், போல்ற்றன் என்னும் ஆலைநகரத்தின் பொதுமனைகளை இருந்து அவதானித்த ஆய்வுக்குழு ஒன்று தன் நூலை வெளியிட்டது. கோவிலிலும் கூட்டத்திலும் படக்கொட்டகையிலும் சாதாரண மனிதன் பிறர் நடத்தும் நிகழ்ச்சிக்குப் பார்வையாளன். பொதுமனையில் அவனே நிகழ்ச்சி என்பது அந்நூல் உணர்த்தும் செய்தி.

ஒரு குவளை பியரை வாங்கிவைத்துக்கொண்டு மாலை முழுவதும் அமர்ந்திருக்கும் உரிமை அந்த மனிதனுக்கு இருந்தது. எவரும் அவனை எழுப்புவதில்லை. குளிர்காலத்திற் தன் வீட்டில் நிலக்கரி எரிக்க வழியற்றவனுக்கு, துணைவியை இழந்து வெறும் வீட்டிற்குத் திரும்ப மனமற்றவனுக்கு, வேலை தேடி வந்த இளைஞனுக்கு, அந்த ஒரு குவளை அனுமதிச் சீட்டு. சாப்பாட்டு மேசைக்கு இந்தத் தயவு கிடையாது. அது முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டது. கத்தியும் முள்ளும் துணியும் வைத்து எவருக்காகவோ காத்திருக்கிறது. ஏழு மணிக்கு ஒரு குடும்பம், ஒன்பது மணிக்கு இன்னொன்று என்று கணக்கு. ஒரு குவளைக்காரர் அம்மேசையில் அமர்ந்தால் அது மனைக்காரருக்கு நட்டம். அவரை எவரும் வெளியே போகச் சொல்வதில்லை. முதலில் மூலைக்குத் தள்ளப்படுகிறார், பின்பு நின்றுகொண்டு குடிக்கிறார், பின்பு வருவதில்லை. இத்தனைக்கும் கதவிலே தடையறிவிப்பு ஏதுமில்லை. பழைய இரு வாயில்களைச் சட்டமும் நாகரிகமும் அகற்றின. அவற்றின் வேலையை இப்போது விலைப்பட்டியல் சத்தமின்றிச் செய்கிறது.

நகரத்தார் வாங்க வந்தது இந்த முதியவர் இருக்கும் காட்சியை. அவர் அமர்ந்த மேசையோ முதியவருடையது. வாங்கும் செயலே வாங்கப்படும் பொருளை அழிக்கிறது. உணவைப் பொறுத்தவரையில் இது நேர்வதில்லை. ஒருவர் பாணை வாங்கித் தின்றால் பாண்காரர் நாளை இன்னொன்று சுடுவார். பொதுவாழ்வு அவ்வாறு சுடப்படுவதன்று. அதனை உற்பத்தி செய்தவர் ஒருவரல்லர். எழுதப்படாத கணக்கில் ஊரார் அனைவரும் பல தலைமுறையாகச் சேர்த்த முதல் அது. மனைக் கம்பனி அதற்கு ஒரு பென்னியும் போட்டதில்லை; ஆயினும் மேசை விலையுள் அதனையுஞ் சேர்த்தே விற்கிறது. நாம் மேலே கேட்ட வினாவிற்கு இங்கேதான் விடை கிடக்கிறது.

கண்ணிற்படாத இன்னொரு கூட்டத்தாரையும் சொல்லாமல் விட முடியாது. குசினியின் பின்புறத்தில் நின்று கோப்பை கழுவுவோரும் தட்டுச் சுமப்போரும் அவ்வூரில் வாழ முடியாதவாறு வீட்டு விலை ஏறியிருக்கும் கிராமங்கள் பல. அழகிய கிராமமெனில் ஓய்வுநாள் வீடுகள் மிகும். விருந்தினர் மனமுவந்து விட்டுச்சென்ற சன்மானப் பணத்தையே முதலாளிகள் சிலர் எடுத்துக்கொண்டமையால், அது முழுவதும் தொழிலாளர்க்கே சேர வேண்டுமென்று 2023 இல் சட்டமியற்ற வேண்டியதாயிற்று. 2024 ஒக்ரோபரிலேயே அது நடைமுறைக்கு வந்தது. விவசாயத் தொழிலாளரின் கூலியை நிர்ணயித்துவந்த சபை இங்கிலாந்தில் 2013 இல் கலைக்கப்பட்டது. பட்டியலில் 'உள்ளூர்ப் பழம்' என்று பெருமையோடு எழுதப்படும் ஸ்ரோபெரியைப் பறிப்போர், ஆறு மாத விசாவில் மத்திய ஆசியாவிலிருந்து வந்து, பண்ணையோரத்து வண்டிவீடுகளில் உறங்குவோர். பழம் உள்ளூர், பறித்த கை உள்ளூரென்று எவரும் சொல்வதில்லை.

இதற்கு மாற்று உண்டா? சில கிராமங்கள் ஒரு வழியைக் காட்டியுள்ளன. கம்பிரியாவின் ஹெஸ்கற் நியூமார்க்கற் கிராமத்தார் தம் ஊர் மதுவடிசாலையை 1999 இலும், 'பழைய முடி' என்னும் பொதுமனையை 2003 இலும் கூட்டுறவு முறையில் வாங்கினர். வட யோர்க்ஷயரின் ஹட்ஸ்வெல் கிராமத்தில் 2008 இல் மூடப்பட்ட 'ஜோர்ஜும் நாகமும்' என்னும் மனையை ஊரார் பங்குப் பணந் திரட்டி வாங்கி 2010 இல் திறந்தனர். பியர் நுகர்வோர் இயக்கம் 2016 ஆம் ஆண்டுக்குரிய நாட்டின் சிறந்த மனையாக அதனைத் தெரிவுசெய்தது. 2011 இல் இயற்றப்பட்ட உள்ளூராட்சி பற்றிய சட்டமொன்று, இத்தகைய மனையை ஊரின் பொதுமதிப்புள்ள சொத்தாகப் பதியவும், அது விற்பனைக்கு வரும்போது பணந்திரட்ட ஆறு மாத அவகாசம் பெறவும் கிராமத்தார்க்கு வழிவகுத்தது. அவகாசத்தை மட்டுமே வழங்கிற்று; ஆறு மாதங் கழிந்தபின் உரிமையாளர் தம் மனம்போல் எவருக்கும் விற்கலாம் என்பதையும் அச்சட்டமே கூறிற்று.

இக்கூட்டுறவுகளை நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. பங்கு வாங்கக் கையிற் காசு வேண்டும். அக்காசு உள்ளவர் பெரும்பாலும் ஓய்வூதியம் பெற்று நகரத்திலிருந்து வந்து குடியேறியவர். காசில்லாத ஊரில் மனை மூடியே கிடக்கிறது. எனினும் கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்கு; மேசைகளில் எத்தனையைச் சாப்பாட்டிற்கு ஒதுக்குவது, எத்தனையைச் சும்மா இருப்போர்க்கு விடுவது என்பதை ஊர்க்கூட்டம் தீர்மானிக்கலாம். தொலைவிலுள்ள கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் 'சும்மா இருப்போர்' என்று ஒரு பத்தி கிடையாது. ஹட்ஸ்வெல்லிலும் உணவு உண்டு. வெளியூராரும் வந்து உண்கின்றனர். அதே மனைக்குள் ஊராரே சம்பளமின்றி முறைவைத்து நடத்தும் சிறு கடையும் சிறு நூலகமும் இயங்கி வந்துள்ளன. பின்புறத்து நிலத்திற் காய்கறித் தோட்டத் துண்டுகள். பால் வாங்க வந்தவர் ஒரு புத்தகத்தை மாற்றிக்கொண்டு, கணப்பருகே சற்றே நின்று பேசிவிட்டு, எதையும் உண்ணாமலே வீடு திரும்பலாம்.